மணல் சுடவில்லை

சண்டிலிப்பாய்,
08.03.1992

என் அன்புக்கும் பெருமைக்கும் உரிய மருமகள் ஞானாம்பிகைக்கு,

உன் தாய்மாமன் சீவரத்தினம் எழுதுகிறேன். நாலு வருசமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. நீ கோபத்தில் எழுதவில்லை, நான் நேரமில்லாமல் எழுதவில்லை. இந்த ஊரில் எனக்கு இருக்கிற பொறுப்புகள் அப்படி. என்னைக் கேளாமல் இங்கே ஒருவனும் வெங்காயம் கிண்டுவதில்லை.

புதினம் என்னவென்றால், உன் அம்மாவுக்கு, என் பத்மாவதி அக்காவுக்கு, வந்த சலரோகம், அந்தச் சீனி வருத்தம், எனக்கும் வந்திருக்கிறது. பயப்படாதே. எல்லாருக்கும் வருகிற மாதிரி வரவில்லை. புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது விழுந்துவிட்டேன் என்று உன் மாமி சின்னாச்சி ஊரெல்லாம் சொல்கிறாள். நான் விழவில்லை. இருந்தேன். கொஞ்சம் கெதியாக, பொத்தென்று, நிலத்தில் இருந்துவிட்டேன், அவ்வளவுதான். நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். என் பாரம் தாங்காமல் வரம்பிலே இரண்டு தரம் இறக்கிவைத்து இளைப்பாறினார்கள்.

சுன்னாகத்தில் ஏர்னெஸ்ட் அப்போதிக்கரியிடம் கொண்டுபோனார்கள். அவர் என்னைச் சலம் பெய்யச் சொல்லி, அதை ஒரு நீல மருந்தோடு குழாயில் விட்டுச் சூடாக்கினார். நிறம் செங்கல்லாக மாறியது. "சீவரத்தினம், முப்பது வருசமாய்ச் சோதிக்கிறன், உப்பிடி ஒரு சிவப்பு நான் காணேல்லை" என்றார். நான் சும்மா சிரித்தேன். எதைச் செய்தாலும் திறமாகச் செய்கிற பரம்பரை நாங்கள்.

அவர் குளிசை பத்துத் தந்தார். அதைப் பாதி பாதியாக முறித்துப் போடச் சொன்னார், இங்கே மருந்துக்கு இருக்கிற தட்டுப்பாடு உனக்குத் தெரியும். மற்றபடி நான் வருத்தத்தை அடக்கியாகிவிட்டது. சீனி வருவதில்லை, ஆகவே சீனி இல்லை. பஸ் ஓடுவதில்லை, ஆகவே நடை. மின்சாரம் இல்லை, ஆகவே பொழுதுபட நித்திரை. கொழும்பில் நீங்கள் டொக்டரிடம் கேட்டுச் செய்கிறதையெல்லாம் நாங்கள் கேளாமலே செய்கிறோம்.

நீ தாதி. உனக்குத் தெரிந்ததை எழுது. எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. நீ சொல்வதும் நான் செய்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான்.

உன் மாமன்,
சீவரத்தினம்

பி.கு. சின்னாச்சி பக்கத்தில் நின்று, "காலைப் பற்றியும் எழுதுங்கோ" என்று அரிக்கிறாள். இரண்டு பாதமும் கொஞ்ச நாளாக விறைத்துக் கிடக்கின்றன. கால் என்னுடையது, கரைச்சல் அவளுக்கு.


வெள்ளவத்தை,
20.04.1992

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் ஆறு கிழமை கழித்து நேற்றுக் கிடைத்தது. பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பின்குறிப்புக்காக எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் பாத விறைப்பில்தான் தொடங்கியது. காலில் புண் வந்து, புண் அழுகி, அந்தக் காலாலேயே போனா. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

நான் அவவுக்கு அளந்து அளந்து சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் நீங்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சால்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். தலையணைக்குக் கீழே தோலைக் கண்டெடுத்தவள் நான். அதை மறந்துவிட்டேன் என்று நினைத்து இந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கால் போகக்கூடாது. அது ஒன்றுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வார்ட்டில் சலரோகக்காரருக்குக் கொடுக்கும் உணவுப் பட்டியலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் தவிட்டுப் பாண் இரண்டு துண்டு, ஆடை நீக்கிய பால் ஒரு கோப்பை. பத்து மணிக்கு ஒரு அப்பிள். மத்தியானம் அவித்த மீன், ஒரு கோப்பைச் சோறு, கீரை. பின்னேரம் சீனி போடாத பிஸ்கற் இரண்டு. இதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டே விஷயம் எனக்கு வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள், கால் எப்படி இருக்கிறது. புளுகாமல் எழுதுங்கள். உங்கள் புளுகைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவள்தான் நான். இப்போது எனக்கு அதற்கு மனமில்லை.

ஞானாம்பிகை


சண்டிலிப்பாய்,
30.05.1992

என் அன்பு மருமகளுக்கு,

உன் பட்டியல் வந்து சேர்ந்தது. வாசிகசாலை வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாண் போட மா இல்லை. அப்பிளை நான் கடைசியாகக் கண்டது எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கலண்டரில். புண்ணாக்கு இல்லாமல் எங்கள் பசுவே பாலில் ஆடை போடுவதை விட்டுவிட்டது, அதை நாங்கள் வேறு நீக்க வேண்டியதில்லை. மீனுக்கு, கடலுக்குப் போகத் தடை. பிஸ்கற் என்றால் என்னவென்று பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்கிறது.

பிள்ளை, அந்தப் பட்டியல் எழுதினவருக்கு என் வீட்டு வளவைத் தெரியாது.

ஆகவே என் முறையைக் கேள். காலையில் குரக்கன் புட்டு. மத்தியானம் சோறு, முருங்கையிலை வறை, பாவற்காய். பின்னேரம் வெறுந்தேத்தண்ணி, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி ஒரு ஐந்தாறு துண்டு. பனங்கட்டி சீனி இல்லை. சீனி ஆலையில் செய்வது, பனங்கட்டி மரத்தில் இருந்து வருவது. சீனி தருகிற வருத்தத்தைப் பனங்கட்டி கழுவிக்கொண்டு போகும். இதை நானே கண்டுபிடித்தேன். ஊரில் எட்டுச் சலரோகக்காரர் இப்போது என் முறையில் இருக்கிறார்கள். டொக்டர் சீவரத்தினம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னாச்சி மட்டும், "உவருக்குக் காலிலை வருத்தமில்லை, வாயிலைதான்" என்கிறாள்.

இனி மாம்பழக் கதை. நீ எழுதினபடியால் நானும் எழுதுகிறேன்.

கொண்டுவந்தது நான்தான். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன், தலையணைக்குக் கீழே தோலை வைத்தது அக்கா. நான் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அக்கா சொன்னாள்: "தம்பி, என்ரை பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் இப்ப அவள் எனக்குத் தாதி. மகளா ஒருக்கா வந்து பக்கத்திலை இருக்கச் சொன்னால், மணிக்கூட்டைப் பாக்கிறாள். நீ வெட்டு."

இதை நாலு வருசமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் எழுதுகிறதில் எதை வேண்டுமானாலும் புளுகு என்று தள்ளு. இதைத் தள்ளாதே.

கால் நல்லாக இருக்கிறது.

சீவரத்தினம்


வெள்ளவத்தை,
02.07.1992

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அம்மா அப்படிச் சொல்லியிருப்பா. சொல்லுகிற குரல்கூடக் கேட்கிறது.

உண்மையாகவே மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். அவவின் வாயைக் காவல் காத்தேன். காலில் புண் வந்தது எனக்கு ஆறாம் நாள்தான் தெரியும். அந்த ஆறு நாளும் நான் மாம்பழத் தோல் தேடிக்கொண்டிருந்தேன்.

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் வளவுக்கு வேறு எழுதுகிறேன். குரக்கன் புட்டு நல்லது, ஒரு சிரட்டை போதும். சோறு குறையட்டும், முருங்கையிலை, வல்லாரை, பாவற்காய், பயற்றங்காய் கூடட்டும். ஒடியல் கூழ் காய்ச்சினால் அன்றைக்குச் சோறு வேண்டாம். மாம்பழக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு துண்டு, தீப்பெட்டி அளவு. மாம்பழம் தின்கிற அன்று புட்டு அரைச் சிரட்டை. எதை விட்டு எதை எடுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். மாமியும் நானும் காவல் நிற்க மாட்டோம். இதை அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். நான் படித்த புத்தகத்தில் இது இருக்கவில்லை.

பனங்கட்டி சீனிதான், மாமா. உடம்புக்கு அது எந்த மரத்தில் இருந்து வந்தது என்று தெரியாது. இன்றைக்கே நிறுத்துங்கள். உங்களை நம்புகிற எட்டுப் பேருக்கும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கால். பென்சன் அலுவலாக இங்கே வந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் திரும்புகிற கனகசபாபதி மாஸ்ரரிடம் ஒரு சோடிச் செருப்புக் கொடுத்துவிடுகிறேன். மெத்தென்ற தோல், கடிக்காது. எழும்பினதில் இருந்து படுக்கிற வரைக்கும் காலில் இருக்க வேண்டும். தோட்டத்திலும். தினமும் பொழுதுபட முதல் உள்ளங்காலை மாமியைப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது.

உங்கள் மருமகள்,
ஞானா


சண்டிலிப்பாய்,
11.07.1992

என் அன்பு மருமகளுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இந்தச் செய்தி காத்திருக்கிற செய்தி இல்லை.

என் கால் போகக்கூடாது என்று நீ எழுதினாய் அல்லவா. அதை வாசித்த அன்றே அம்மனுக்கு நேர்ந்துவிட்டேன். தேரன்று உச்சி வெயிலில், செருப்பில்லாமல், நிழலில் ஒதுங்காமல், வெளி வீதியை மூன்று தரம் சுற்றுவதாக. நேற்று முன்தினம் தேர்.

இந்த வருசத்து வெயில் உனக்குத் தெரியாது. வீதி மணல் வறுத்த மணல். வடம் பிடித்த பெடியள் எல்லாம் துள்ளினார்கள். சாக்கை நனைத்துப் போட்டு அதில் நின்றார்கள் சிலர். பூசை செய்கிற ஐயரே குதிக்காலில் ஓடினார். நான் நடந்தேன், பிள்ளை. கைகூப்பிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. மூன்று சுற்று என்று நேர்ந்தவன் ஐந்து சுற்றினேன்.

மணல் சுடவில்லை.

மிதிவெடியில் இடது கால் போன இளையதம்பி, தேர்முட்டியடியில் கக்கத்துத் தடியோடு நின்றவன், "அண்ணை, உங்களுக்குச் சுடேல்லையே?" என்று கேட்டான். "எது?" என்றேன். அவன் வாயைப் பிளந்தான். சனம் வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. முப்பது பேர் இருக்கும். நாற்பது என்று வை. குரக்கனும் பாவற்காயும் அம்மனும் சேர்ந்து என் காலை இரும்பாக்கிவிட்டதாகத்தான் எல்லாரும் கதைக்கிறார்கள்.

பொழுதுபடச் சின்னாச்சி கால் கழுவத் தண்ணீர் ஊற்றினவள், வாளியைப் போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். வலது உள்ளங்காலில் தோல் கழன்று தொங்குகிறதாம். பழைய தோல் போனால்தானே புதுத் தோல் வரும். அவளுக்கு எதற்கும் ஒரு ஒப்பாரி.

சந்தோசத்தோடு,
உன் மாமன்


வெள்ளவத்தை,
14.08.1992

மாமா,

மணல் சுடவில்லை என்ற வரியை நின்றபடியே வாசித்தேன். பிறகு நிலத்தில் இருந்துவிட்டேன். நீங்கள் தோட்டத்தில் இருந்த மாதிரி.

அது அருள் இல்லை. உங்கள் பாதத்துக்கு உணர்வு செத்துவிட்டது. மற்றவர்கள் துள்ளினார்கள், அதனால் அவர்கள் கால் தப்பியது. உங்கள் கால் உங்களுக்குச் சொல்ல முடியாமல் எரிந்தது. நான் பயமுறுத்தி எழுதின ஒரு வரிக்காக நீங்கள் நேர்ந்தீர்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, நன்றாக ஆறவிட்டுப் புண்ணைக் கழுவ வேண்டும். சூட்டை மாமி தன் கையால் பார்க்க வேண்டும், நீங்கள் பார்க்கக்கூடாது. வெள்ளைத் துணியை அவித்து வெயிலில் காயவைத்துக் கட்ட வேண்டும். இலை, சாம்பல் ஒன்றும் வைக்க வேண்டாம். அந்தக் காலை நிலத்தில் ஊன்ற வேண்டாம். கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் கடிதம் வந்துசேர ஐந்து கிழமை எடுக்கும். அப்படி ஒரு புண்ணுக்கு ஐந்து கிழமையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் என் தொழில். தினமும் வேறு வேறு ஆட்களின் காலுக்குத் துணி கட்டிக்கொண்டு உங்கள் காலை நினைக்கிறேன்.

ஞானா


சண்டிலிப்பாய்,
26.09.1992

என் அன்பு மருமகளுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. செருப்பும் வந்தது. கனகசபாபதி மாஸ்ரர் கடல் நீரேரியில் வள்ளத்தில் வரும்போது செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம், நனையாமல். அப்படிச் சொல்லித்தான் தந்தார். அவரும் என்னை மாதிரி ஒரு ஆள்.

சும்மா சொல்லக்கூடாது, அது செருப்பில்லை, மெத்தை. கொழும்புச் செருப்பு என்றால் ஊரே பார்க்க வருகிறது. இங்கே சனம் டயரை வெட்டித்தான் போடுகிறது. அலுமாரிக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது போடவில்லை. புண்ணில் இருந்து கொஞ்சம் நீர் வடிகிறது, தோலில் பட்டால் செருப்புப் பழுதாகிவிடும். புண் ஆறினதும் போட்டுக்கொண்டு நெல்லியடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக இருக்கிறேன்.

பனங்கட்டியை உன் கடிதம் வந்த அன்றே விட்டேன். எட்டுப் பேருக்கும் சொன்னேன். இரண்டு பேர், "உவன் கள்ள டொக்டர்" என்று வேலிக்கு மேலால் பேசிவிட்டுப் போனார்கள். பரவாயில்லை. பெரிய வைத்தியர்களுக்கு இது நடக்கிறதுதான்.

மாம்பழக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒற்றைப் பழம் ஒன்று இலைக்குள் ஒளித்துக் கிடந்தது. தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து வெட்டினேன். புட்டு அரைச் சிரட்டை. சின்னாச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாழ்நாளில் தின்ற பழங்களில் அதுதான் திறம். ஒருவரும் தடுக்காமல், ஒருவருக்கும் ஒளிக்காமல் தின்றது. அக்காவுக்கும் இப்படி ஒன்று கிடைத்திருக்கலாம் என்று நினைத்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை.

புண் சின்னது. புளியங்கொட்டை அளவு. நோவே இல்லை. நோகாத புண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்னவென்று காட்டுவது. நோகிறவர்கள் வரிசையில் படுத்திருக்கிறார்கள், ஷெல் விழுந்த பிள்ளைகள்.

உன் மாமன்,
சீவரத்தினம்


வெள்ளவத்தை,
05.11.1992

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதங்களை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பங்குனியில் ஒரு தாளுக்குள் அடங்கிய எழுத்து இப்போது நாலு தாளில் வருகிறது. வரி வலது பக்கம் சரிந்து விழுகிறது. உங்களுக்குக் கண்ணும் தெரியவில்லை, நீங்கள் சொல்லவில்லை. புளியங்கொட்டை அளவு என்று எழுதினீர்கள். உங்கள் உள்ளங்காலை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்.

நான் போன மாதம் வெளிக்கிட்டேன். பத்து நாள் லீவு எடுத்து, பயணப் பாஸ் எடுத்து, உங்களுக்கு மூன்று மாதக் குளிசையும் புண்ணுக்கு மருந்தும் கொண்டு வவுனியா வரைக்கும் வந்தேன். மருந்து ஆமிச் சோதனையில் பறிபோனது. பாதையை மூடிவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூட வாங்கில் குந்தியும் படுத்தும் ஆறு நாள் இருந்தேன். பிறகு திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் என்னால் வர முடிந்த தூரம்.

மாமா, செருப்பைப் பழுதாக்குங்கள். தயவுசெய்து பழுதாக்குங்கள். அதற்காகத்தான் அனுப்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வரிசையில் படுத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். எனக்கு ஒரே ஒரு கடிதம் உண்மையாக எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், கால் எப்படி இருக்கிறது. வேறு ஒரு சொல்லும் வேண்டாம்.

ஞானா


சண்டிலிப்பாய்,
17.01.1993

ஞானாம்பிகைக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

காலையில் குரக்கன் புட்டு அரைச் சிரட்டை. மத்தியானம் முருங்கையிலைக் கஞ்சி. பின்னேரம் வெறுந்தேத்தண்ணி. இனிப்பு இல்லை.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மார்கழி நாலாம் திகதி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் நல்ல மாதிரி. பிந்திக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள்.

புண் புளியங்கொட்டை அளவு இல்லை. உள்ளங்கை அளவு. நான் பார்க்கவில்லை, சின்னாச்சி சொன்னாள். ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்து அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள்.

தோட்டத்தில் விழுந்தபோதும் நாலு பேர் தூக்கவில்லை. அவள் ஒருத்திதான் தூக்கினாள். நான் அவ்வளவு பாரம் இல்லை.

என் முறையில் எட்டுப் பேர் இருக்கவில்லை. இரண்டு பேர். அவர்கள் இரண்டு பேரும்தான் ஏசிவிட்டுப் போனவர்கள். காலைத் தொட்டு ஒருவரும் கண்ணில் ஒற்றவில்லை. ஐந்து சுற்று இல்லை. மூன்று. இளையதம்பி கேட்டது உண்மை. அக்கா சொன்னது உண்மை. மணல் சுடாததும் உண்மை.

கண் கிட்டத்தில் தெரியவில்லை. வரி சரியாமல் இருக்கத் தாளில் நூல் கட்டி எழுதுகிறேன்.

செருப்பை அலுமாரியில் இருந்து எடுத்தாயிற்று. இடது செருப்பு எனக்கு. வலது செருப்பை இளையதம்பிக்குக் கொடுத்தேன். அவனுக்கு வலது கால்தானே இருக்கிறது. கொஞ்சம் பெரிது, பஞ்சு வைத்துப் போடுகிறான்.

இடது காலில் பெருவிரல் ஓரம் கறுத்திருக்கிறதாகச் சின்னாச்சி சொல்கிறாள். நோவு இல்லை.

சீவரத்தினம்


வெள்ளவத்தை,
28.02.1993

அன்புள்ள மாமா,

நான் கேட்டபடியே எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல் புளுகு இல்லை.

இடது கால் விரலுக்குச் செய்ய வேண்டியதை மாமிக்கும் ஏர்னெஸ்ட் ஐயாவுக்கும் வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அது அவர்களுக்கு. இது உங்களுக்கு.

வார்ட்டில் கத்துகிறவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை, மாமா. ஏசுகிறவர்கள், சாப்பாடு சரியில்லை என்று கோப்பையை எறிகிறவர்கள், அவர்கள் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தக் கட்டில்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தன.

ஒரு வருசமாக உங்களிடம் உண்மை கேட்டேன். தந்துவிட்டீர்கள். என்னிடம் அதற்கு மருந்து இல்லை. அனுப்பினாலும் வந்து சேராது, நானும் வந்து சேர மாட்டேன்.

ஒரு புளுகு எழுதுங்கோ மாமா. நல்ல பெரிசாய், ஒருத்தரும் நம்பாத மாதிரி. நான் நம்புறன்.

ஞானா


சண்டிலிப்பாய்,
09.05.1993

என் அன்புக்கும் பெருமைக்கும் உரிய மருமகள் ஞானாம்பிகைக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. பெரிய மனிதர்கள் கையால் எழுதுவதில்லை, படுத்துக்கொண்டு சொல்லுவார்கள், மற்றவர்கள் எழுதுவார்கள். உன் மாமி எழுதுகிறாள். அவள் இடையில் மூக்கைச் சீறுகிற இடங்களை நீ கணக்கில் எடுக்காதே.

இந்த வருசம் எங்கள் கறுத்தக்கொழும்பான் காய்த்த காய்ப்பு, கொப்பு ஒவ்வொன்றுக்கும் முண்டு கொடுத்து நிறுத்தியிருக்கிறது. ஒரு பழம் ஒரு பூசணிக்காய் அளவு. நான் தின்பது தீப்பெட்டி அளவுதான். அந்தத் தீப்பெட்டியையும் இந்த வருசம் பெரிதாகச் செய்கிறார்கள்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். ஒருவரும் பிடிக்கவில்லை, தடியும் இல்லை. நடந்து போனேன். உச்சி வெயில். செருப்பைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்துவிட்டு வீதியில் இறங்கினேன்.

மணல் சுட்டது, பிள்ளை. அப்படி ஒரு சூடு. ஒரு இடத்தில் நிற்க விடவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினேன், கத்தினேன், சனம் எல்லாம் சிரித்தது. இரண்டு காலிலும் சுட்டது.

உன் மாமன்,
சீவரத்தினம்